ஆறுக்குக் கீழே என்றால்

நான்காம் கூண்டில் மீன்கள் மேலே மிதந்த காலை
ரன்வா முதலில் பார்த்தது கடலை அல்ல,
பதிவேட்டை.
இரவு ஒன்பதிலிருந்து காலை ஒன்பது வரை
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
எழுபத்திரண்டு தடவை ஒரே சொல்:
நலம். நலம். நலம்.
கடிதத் தொடக்கத்தில் மனம் அறியாமல்
கையே எழுதிவிடுமே, அந்த நலம்.

மிதவைக் குடிலின் சன்னலுக்கு வெளியே
யாக்குப் வலையால் அள்ளிக்கொண்டிருந்தான்.
ஃபாரோ தீவுகளில் செப்டம்பர் மழை
மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வருகிறது.
வெள்ளி வயிறுகள்.
எண்ணுவதை எப்போதோ நிறுத்தியிருந்தான்.

ஸ்கிரிப்டைத் திறந்தாள்.
ஹோக்னி எழுதியது. அவன் இப்போது டென்மார்க்கில்
காற்றாலைகளுக்கு வேலை பார்க்கிறான்.
பதினோரு வரி.
இஃப், ஓர் இடைவெளி, சதுர அடைப்பு, இன்னோர் இடைவெளி
(அந்த இடைவெளியை விட்டால் ஷெல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்;
அடைப்புக்குறியும் அதற்கு ஒரு கட்டளைதான்,
தோளில் யாரும் இடிக்கக் கூடாது).
ஆக்சிஜன் ஆறுக்குக் கீழே என்றால்
ரன்வாவை எழுப்பு.
இல்லையேல்
நலம் என்று எழுது.
பிறகு இஃபைத் திருப்பிப் போட்டு, ஃபி:
வந்த வழியே பின்னால் நடந்து
கதவைச் சாத்துவது போல.

என் மொழியில் நிபந்தனை முன்னால் நிற்காது.
குறைந்தால், வந்தால், செத்தால்:
வினை பாதிக்கு மேல் நடந்தபின்
வாலில் வந்து ஒட்டும் ஓர் ஆல்.
நடந்ததா, நடக்கக்கூடுமா என்று தெரிய
கடைசி எழுத்துவரை காத்திருக்க வேண்டும்.
ஷெல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது.
அதற்குச் சுழியம்தான் மெய், சுழியம்தான் வெற்றி;
மற்ற எண்கள் எல்லாம்
தோல்வியின் வகைகள்.

சரி, ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது அன்றிரவு?
ஐந்தா? நான்கா?
சென்சாரின் கம்பியை ஏதோ கடித்திருந்தது,
அல்லது உப்பு தின்றிருந்தது.
அது ஐந்து என்று சொல்லவில்லை.
சுழியம் என்றுகூடச் சொல்லவில்லை.
ஒன்றும் சொல்லவில்லை.
ஷெல்லின் கையில் வந்து சேர்ந்த கேள்வி

                    ஆறுக்குக் கீழே என்றால்

எது என்ற இடத்தில் வெறும் காற்று.
இது கேள்வியே இல்லை என்று ஷெல் கத்தியது.
நேர்மையாகக் கத்தியது, எழுபத்திரண்டு முறை.
ஆனால் ஹோக்னிக்கு நள்ளிரவு மின்னஞ்சல்கள் பிடிக்காது.
பிழைக்குரல் எல்லாம் போய் விழ
வரியின் கோடியில் ஒரு கிணறு வைத்திருந்தான்,
அடியில்லாதது.
நல் என்று அதற்குப் பெயர்.
தமிழ்க் காதுக்கு எவ்வளவு நல்ல பெயர்.

கத்தி முடித்த ஷெல்
மெய் இல்லை, ஆகவே
இல்லையேல் பக்கம் போனது.

மதியம் டோர்ஷவ்னிலிருந்து காப்பீட்டுப் படிவம் வந்தது.
கேள்வி ஒன்பது: எச்சரிக்கை அமைப்பு இயங்கியதா?
ஆம். இல்லை. இரண்டு கட்டம்.
இயங்கியது. ஓர் இரவுகூடத் தவறவில்லை.
பேனா இரண்டுக்கும் நடுவே நிற்க
காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள்.
யாக்குப் உள்ளே வந்து, கையுறையைக் கழற்றாமலே,
பதினோராயிரம் இருக்கும், என்றான்.
பிறகு,
ஹோக்னிகிட்ட சொல்லப்போறியா?

அவள் பேசவில்லை.
அதை அவன் என்னவென்று எடுத்துக்கொண்டானோ,
வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

இருட்டும் நேரம், மேலே இரண்டு வரி சேர்த்தாள்.
மாறியின் இருபுறமும் மேற்கோள் குறிகள்:
தண்ணீர் வராவிட்டாலும்
குவித்து நீட்டிய கைகள்.
இதற்குள் எதுவும் இல்லை என்றால்
என்னை எழுப்பு.
கிணற்றைத் தூர்த்தாள்.
சோதித்துப் பார்க்க
மூன்றாம் கூண்டின் கம்பியைத் தானே பிடுங்கிவிட்டு
பூட்சோடு படுத்தாள்.

பத்து நிமிடத்தில் மேசைமேல் தொலைபேசி அதிர்ந்தது.
எடுத்துப் பார்த்தாள்.
செய்திக்குள் ஒரு சொல்லும் இல்லை;
எழுத மறந்திருந்தாள்.
எழுந்து விளக்கைப் போட்டாள்.